கொய்னா, தைலம், விண்டர்கிரீன்: நீலகிரிச் செடிகளின் மருந்தைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலைமேல் மருந்துக்கடை வைத்திருப்பதால் என்னிடம் இரண்டு விதமான ஆட்கள் வருகிறார்கள். தைலம் வாங்க வரும் சுற்றுலாக்காரர்கள் "இது ஒரிஜினலா, கெமிக்கலா?" என்பார்கள். பார்மசி படிக்கிற பிள்ளைகள் பத்திரிகையில் வந்த ஆராய்ச்சிச் செய்தியை போனில் காட்டி, "அண்ணா, இது நிஜமா?" என்பார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன்.

சின்கோனா நீலகிரி மரம்தானே?

இல்லை. மலேரியா மருந்தான கொய்னாவைப் பட்டையில் தரும் இந்த மரத்துக்குத் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச் சரிவுதான் சொந்த ஊர். கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் 1860 வாக்கில் அங்கிருந்து விதையும் கன்றும் இங்கே வரவழைத்தார். ஊட்டி அரசுப் பூங்காவின் பொறுப்பில் இருந்த வில்லியம் கிரகாம் மக்ஐவர் அவற்றை வளர்த்து, தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் போட்டார். நடுவட்டத்தில் கைதிகளை வைத்து வேலை வாங்கினார்கள். அதில் சீனர்களும் உண்டு. அந்தப் பழைய சிறை இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. கூடலூர் போகிறவர்கள் பத்து நிமிடம் இறங்கிப் பார்க்கலாம்.

மக்ஐவர் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பட்டைக்காக மரத்தையே வெட்டுவதுதான் அன்றைய வழக்கம். அவர் பட்டையை நீளநீளமாக ஒன்றுவிட்டு ஒன்றாக உரித்தார். உரித்த இடத்தில் ஈரப் பாசியை வைத்துக் கட்டினார். மரம் பிழைத்ததோடு புதுப்பட்டையும் வந்தது. சோதித்துப் பார்த்தால், பழைய பட்டையைவிடப் புதுப்பட்டையில் மருந்துச் சத்து அதிகம். இதைச் சோதிக்கவென்றே அரசு ஒரு வேதியியலாளரை ஊட்டியில் வேலைக்கு வைத்திருந்தது. ஜான் பிராட்டன் என்பவர் 1866ல் அந்தப் பதவிக்கு வந்தார். செடி வளர்ப்பவரும் வேதியியலாளரும் ஒரே மலையில் உட்கார்ந்து ஒரே பட்டையைப் பார்த்த காலம் அது. இன்றைக்குப் பெரிய ஆய்வகங்கள் செய்வதும் அடிப்படையில் இதுதான்.

அப்புறம் ஏன் எல்லாம் தேயிலைத் தோட்டமாகிவிட்டது?

விலைதான் காரணம். இங்கே அதிகம் வளர்ந்தது சிவப்புப் பட்டை ரகம். அதில் கொய்னா குறைவு, அதன் உறவுச் சத்துகள்தான் அதிகம். சார்லஸ் லெட்ஜர் என்பவர் பொலிவியாவிலிருந்து வாங்கி அனுப்பிய விதையில் கொய்னா மிக அதிகமாக இருந்தது. அந்த விதையை வாங்கி ஜாவாவில் நட்ட டச்சுக்காரர்கள் சந்தையையே பிடித்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குளோரோகுயின் மாத்திரை மலிவாக வந்தது. அதோடு தோட்டங்களும் படிப்படியாகத் தேயிலைக்கு மாறின.

கொய்னா காய்ச்சலை எப்படி அடக்குகிறது?

அது காய்ச்சலை அடக்குவதில்லை, மலேரியாக் கிருமியை அடக்குகிறது. கிருமி நம் சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. தின்ற பிறகு மிஞ்சும் ஹீம் என்ற இரும்புப் பொருள் கிருமிக்கே விஷம். அதனால் அது ஹீமை ஆபத்தில்லாத படிகமாகக் கட்டி ஒதுக்கி வைக்கிறது. கொய்னா இந்தக் கட்டும் வேலையைக் கெடுத்துவிடும். கிருமி தன் குப்பையாலேயே சாகிறது.

1820லேயே பிரித்தெடுத்த மருந்து. மரம் அதை எப்படிச் செய்கிறது என்று இன்னுமா ஆராய்கிறார்கள்?

ஆமாம். இந்தப் பக்கத்திலேயே நான் அதிகம் பேச விரும்புவதும் இந்தக் கேள்விக்குத்தான்.

பாரிசில் பெல்லெட்டியேயும் காவென்டூவும் 1820ல் பட்டையிலிருந்து கொய்னாவைப் பிரித்தெடுத்தார்கள். 1856ல் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் அதைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தான். கொய்னா வரவில்லை, ஊதாச் சாயம்தான் வந்தது. அதிலிருந்துதான் செயற்கைச் சாயத் தொழிலே பிறந்தது. 1944ல் உட்வர்டும் டோரிங்கும் கொய்னாவுக்குப் போய்ச் சேரும் வழியை வேதியியல் முறையில் அமைத்தார்கள். ஒவ்வொரு அணுவும் சரியான பக்கம் திரும்பி நிற்கும்படி அதைச் செய்து காட்டியது கில்பர்ட் ஸ்டார்க்கின் குழு. அது 2001ல்தான் நடந்தது. அப்போதும் அது ஆய்வகச் சாதனைதான். இன்றும் விற்பனைக்கு வரும் கொய்னா பட்டையிலிருந்துதான் வருகிறது.

மனிதர்கள் இவ்வளவு திணறிய வேலையை மரம் நாள்தோறும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. அது எந்த நொதிகளை வைத்துச் செய்கிறது என்பது தெரியாமலே இருந்தது. தொடக்கம் மட்டும் தெரியும். டிரிப்டமின் என்ற பொருளும் செகோலோகானின் என்ற பொருளும் சேர்ந்து ஸ்ட்ரிக்டோசிடின் உண்டாகும். ஒரே மாவிலிருந்து இட்லி, தோசை, பணியாரம் வருகிற மாதிரி, இந்த ஒரு பொருளிலிருந்து பல குடும்பத்துச் செடிகள் ஆல்கலாய்டு என்ற மருந்துச் சத்துகளை ஆயிரக்கணக்கில் செய்கின்றன. சின்கோனா கொய்னா செய்கிறது. நித்தியகல்யாணி வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைச் செய்கிறது. நம் சோலைகளில் இருக்கும் இன்னொரு மரம் புற்றுநோய் மருந்துக்கான சரக்கைச் செய்கிறது. அந்த மரத்தைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஜெர்மனியின் யேனா நகரில் மாக்ஸ் பிளாங்க் வேதிச் சூழலியல் நிறுவனம் இருக்கிறது. சாரா ஓ'கானரின் குழு அங்கேதான் வேலை செய்கிறது. 2021ல் அவர்கள் கொய்னா வழியில் மூன்று நொதிகளைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். அவர்கள் வேலை செய்யும் முறை எளிதில் புரியும். செடியின் எந்தத் திசுவில் எந்த மரபணு விழித்திருக்கிறது என்று பட்டியல் எடுக்கிறார்கள். சந்தேகத்துக்குரிய மரபணுவை ஒரு புகையிலை வகைச் செடியின் இலைக்குள் செலுத்துகிறார்கள். சில நாள் கழித்து இலையை அரைத்து, நிறமாலைக் கருவியில் போட்டு, புதிதாக என்ன உண்டாகியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அடுத்த மரபணுவை எடுக்க வேண்டியதுதான். அடுத்த ஆண்டே கியூ தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் சேர்ந்த ஒரு குழு சின்கோனாவின் மரபணுத் தொகுதியையும் வெளியிட்டது. தேடுகிறவர்களுக்கு இனி வேலை கொஞ்சம் சுலபம்.

நூறு, நூற்றைம்பது வருடப் பழைய பட்டையை இப்போது சோதித்தார்களாமே?

சோதித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் சேர்த்த பட்டைகள் லண்டன் கியூ பூங்காவின் அலமாரிகளில் இருக்கின்றன. எந்தப் பட்டையில் எவ்வளவு ஆல்கலாய்டு என்று அந்தக் காலத்து வேதியியலாளர்கள் சீட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அதே பட்டைகளை இன்றைய திரவ வண்ணப்பிரிகைக் கருவியில் போட்டுப் பார்த்தது ஒரு குழு. 2020ல் வெளிவந்த முடிவு: பழைய எண்களும் புதிய எண்களும் பெரிய அளவில் ஒத்துப்போகின்றன. வெறும் அமிலம், ஈதர், தராசு வைத்துக்கொண்டு வேலை பார்த்தவர்கள் அவர்கள். எனக்கு இதைப் படித்தபோது மரியாதை கூடிப்போனது.

டானிக் வாட்டரில் கொய்னா இருக்கிறதா? குடித்தால் மலேரியா வராதா?

இருக்கிறது, ஆனால் கசப்புக்கு மட்டும்தான். அமெரிக்க விதிப்படி பத்து லட்சத்தில் 83 பங்குக்கு மேல் போகக்கூடாது. மருந்தளவுக்கு லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும்.

வீட்டில் பார்க்க ஒரு வேடிக்கை: கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கை இருட்டில் டானிக் வாட்டர் பாட்டில்மேல் அடியுங்கள். தண்ணீர் நீலமாக ஒளிரும். அதில் ஒரு கை உப்பைப் போட்டுக் கலக்குங்கள். ஒளி மங்கிவிடும். உப்பிலுள்ள குளோரைடுதான் அதை அணைக்கிறது. 1852ல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் ஒளிர்வு என்ற நிகழ்வை விளக்கியபோது கையில் வைத்திருந்தது கொய்னாக் கரைசல்தான்.

பட்டை கிடைத்தால் கஷாயம் வைத்துக் குடிக்கலாமா?

வேண்டாம். மரத்துக்கு மரம் சத்தின் அளவு மாறும். பட்டையில் கொய்னா மட்டுமில்லை, குயினிடின் என்ற இரட்டைப் பிறவியும் இருக்கிறது. அணுக்கள் அதேதான், இரண்டு இடத்தில் திரும்பியிருக்கும் திசைதான் வேறு. அந்தத் திருப்பத்தால் அது இதயத் துடிப்பில் இன்னும் பலமாகக் கைவைக்கும். இதயத்துக்கான மருந்தாகவே அதைக் கொடுத்தார்கள். கொய்னா கூடினாலும் காதில் ரீங்காரம், தலைச்சுற்றல், பார்வைக் கோளாறு வரும்.

மலேரியாவுக்கு இப்போது புதிதாக என்ன வந்திருக்கிறது?

மருந்தில் ஆர்ட்டிமிசினின் குடும்பம்தான் முன்னணியில் இருக்கிறது. அதுவும் செடிச் சரக்குதான். அதைக் கண்டெடுத்த தூ யூயூவுக்கு 2015ல் நோபல் கிடைத்தது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் கொய்னாதான் கொடுப்பார்கள் என்று படித்தவர்கள் கவனிக்கவும்: 2022ல் உலக சுகாதார நிறுவனம் அங்கேயும் ஆர்ட்டிமீத்தர், லுமிஃபான்ட்ரின் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்துவிட்டது.

தடுப்பூசிகளும் வந்திருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு உருவாக்கி, புனே சீரம் நிறுவனம் தயாரிக்கும் ஆர்21 தடுப்பூசியை 2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அதில் நோய் எதிர்ப்பை உசுப்பிவிடும் துணைப்பொருள் எங்கிருந்து வருகிறது தெரியுமா? சிலி நாட்டின் கியூலாயா மரப் பட்டையிலிருந்து. தண்ணீரில் தேய்த்தால் பூந்திக்கொட்டை மாதிரி நுரைக்கும் பட்டை அது. இருநூறு வருடம் சுற்றி வந்தும் மலேரியாவுக்குத் தென் அமெரிக்க மரப் பட்டையைத்தான் உரிக்கிறோம்! அந்த வகைத் துணைப்பொருளில் ஒன்றான க்யூஎஸ்-21ஐ ஈஸ்ட்டுக்குள்ளேயே முழுதாகச் செய்து காட்டி 2024ல் நேச்சர் இதழில் எழுதியிருக்கிறார்கள். அளவு இன்னும் மிகக் குறைவு. ஆனாலும் மரத்தை நம்பியே இருக்க வேண்டிய நிலை ஒருநாள் மாறலாம்.

விண்டர்கிரீன் தைலம் ஒரிஜினலா, கெமிக்கலா?

கடையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஊட்டி, கொடைக்கானல் சோலை ஓரங்களில் வளரும் காட்டுச் செடி அது. வெள்ளைப் பூ சின்னச் சின்ன மணிகளாகத் தொங்கும். முழு இலையை மோந்தால் வாசனை பெரிதாக இருக்காது. கசக்கினால் குப்பென்று சுளுக்குத் தைலம் மணக்கும். மணப்பொருளைச் செடி சர்க்கரையோடு கட்டி வைத்திருக்கும். இலை நசுங்கியதும் நொதி வந்து கட்டை அவிழ்க்கும். ஆயுர்வேத லேபிள்களில் 'கந்தபூரா தைலம்' என்று இருப்பது இதுவே.

அந்த எண்ணெயில் கிட்டத்தட்ட முழுதும் ஒரே பொருள்தான், மெத்தில் சாலிசிலேட். அதே பொருளை பி.எஸ்சி. மாணவர்கள் சாலிசிலிக் அமிலம், மெத்தனால், கொஞ்சம் கந்தக அமிலம் வைத்து பிராக்டிகலில் செய்துவிடுவார்கள். தொழிற்சாலைச் சரக்கு மலிவு. சந்தையில் அதுதான் அதிகம். மூக்கால் பிரித்தறிய முடியாது, முழங்காலுக்கும் தெரியாது. ஆய்வகத்துக்கு மட்டும் தெரியும். செடி காற்றிலிருந்து எடுத்த கரியில் கார்பன்-14 கொஞ்சம் இருக்கும். பெட்ரோலியம் பல கோடி வருடம் மண்ணுக்குள் கிடந்ததால் அதில் இருந்த கார்பன்-14 எல்லாம் சிதைந்து போயிருக்கும். இதை அளந்தால் குட்டு உடைந்துவிடும்.

ஆகவே "ஒரிஜினலா" என்பது விலைக்கான கேள்வி. உடம்புக்கான கேள்வி "எவ்வளவு" என்பது. கலப்படமில்லாத எண்ணெய் ஒரு டீஸ்பூனில் சுமார் 7 கிராம் சாலிசிலேட் இருக்கிறது. பெரியவர்களுக்கான ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்குச் சமம். குழந்தை ஒரு வாய் குடித்தால் உயிருக்கே ஆபத்து. செடியிலிருந்து வந்தது என்பதற்காக அது சும்மா விடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை அதிகம் தேய்த்தாலும் ரத்தக்கசிவு வரக்கூடும். வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

செடிக்கு எதற்கு இந்தத் தைலம்? நமக்காகவா செய்கிறது?

தனக்காகத்தான். சாலிசிலிக் அமிலம் செடிகளின் நோய் எதிர்ப்பு ஹார்மோன். அதன் மெத்தில் வடிவம் ஆவியாகும், காற்றில் போகும். நோய் பிடித்த புகையிலைச் செடி விடும் இந்த ஆவி பக்கத்துச் செடியை எச்சரிக்கிறது என்று 1997ல் காட்டினார்கள். எச்சரிக்கை எப்படிக் கேட்கப்படுகிறது என்பது 2023ல்தான் நேச்சர் இதழில் தெளிவாக வந்தது. அசுவினி மொய்த்த செடி ஆவியை விடும். பக்கத்துச் செடியில் ஒரு புரதம் அதைப் பிடித்து மறுபடி சாலிசிலிக் அமிலமாக்கும். அதனால் அந்தச் செடியும் ஆவி விட ஆரம்பிக்கும். அசுவினி விலகும், அசுவினியைத் தின்னும் பூச்சிகள் வரும். இதில் வில்லன், அசுவினியின் முதுகில் பயணம் செய்யும் வைரஸ். சில வைரஸ்கள் இந்தப் பேச்சையே வெட்டிவிடுகின்றன. தன்னைச் சுமக்கும் பூச்சிக்கு வழி செய்து கொடுக்கின்றன.

இன்னொன்று. செடிகள் சாலிசிலிக் அமிலத்தைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஆய்வகச் செல்லமான அராபிடாப்சிஸ் போகும் வழி நன்றாகத் தெரியும். நெல் உட்பட பல செடிகள் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து தொடங்கும் வழியில் நடுவில் பல படிகள் இருட்டாகவே இருந்தன. 2025ல் நேச்சரில் ஒரே சமயத்தில் வந்த மூன்று கட்டுரைகள் அந்தப் படிகளை நிரப்பின. நெல்லில் நோய் எதிர்ப்பைப் பலப்படுத்த நினைப்பவர்களுக்கு இது பெரிய கதவு.

ஆஸ்பிரின் புற்றுநோயைத் தடுக்கும் என்று செய்தி வந்ததே?

ஆஸ்பிரினும் சாலிசிலிக் அமில வம்சம்தான். வந்தவை இரண்டு வேறு செய்திகள், இரண்டும் 2025. முதலாவது கேம்பிரிட்ஜ் குழுவுடையது, எலிகளில் செய்தது. ரத்தத் தட்டணுக்கள் விடும் திராம்பாக்சேன் என்ற பொருள், நோயை எதிர்க்கும் டி அணுக்களைத் தூங்க வைக்கிறது. ஆஸ்பிரின் அதைக் குறைப்பதால் டி அணுக்கள் விழித்து, பரவும் புற்றணுக்களைப் பிடிக்கின்றன. இரண்டாவது நார்டிக் நாடுகளில் மனிதர்களிடம் நடந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை ஆனவர்களில், பிஐ3கே என்ற தொடர்பாதையில் குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு மட்டும் தினம் 160 மில்லிகிராம், மூன்று வருடம். நோய் திரும்பி வருவது ஏறக்குறைய பாதியானது.

நல்ல சேதிதான். ஆனால் "குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு மட்டும்" என்ற துண்டு வாட்ஸ்அப்பில் வரும்போது காணாமல் போய்விடுகிறது. ஆஸ்பிரின் வயிற்றில் புண் ஆக்கும், ரத்தம் கசிய வைக்கும். டெங்கு சந்தேகம் இருந்தால் தொடவே கூடாது. பிள்ளைகளின் காய்ச்சலுக்கும் கொடுப்பதில்லை.

நீலகிரித் தைலம் மோந்தால் மூக்கடைப்பு திறக்கிறதே, எப்படி?

தைலம் தரும் யூகலிப்டஸ் நமது மரமில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 1843ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. விறகுக்காக நட்டு, மலையையே மூடிவிட்டார்கள். உதிர்ந்த இலையைப் பானையில் அடைத்து நீராவி விட்டுக் காய்ச்சும் கொட்டகைகள் இன்றும் உண்டு. முக்கியச் சத்து சினியோல். தனியாக அது 176 டிகிரியில்தான் கொதிக்கும், நீராவியோடு சேர்ந்தால் நூறுக்குள்ளேயே ஏறி வந்துவிடும். சின்னக் கொட்டகையில் காய்ச்ச முடிவதே அதனால்தான்.

மூக்குக்கு வருவோம். நரம்பு நுனியில் குளிரை உணரும் டிஆர்பிஎம்8 என்ற புரத வாசல் ஒன்று இருக்கிறது. 2002ல் கண்டுபிடித்தார்கள். கண்டவர்களில் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூடியனும் 2021ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மென்தால் அந்த வாசலைப் பலமாகத் திறக்கும், சினியோல் கொஞ்சம் மெதுவாகத் திறக்கும். மூளை "குளிர்ந்த காற்று தாராளமாகப் போகிறது" என்று எடுத்துக்கொள்கிறது. மென்தாலில் அளந்து பார்த்தபோது காற்றின் அளவு பெரிதாக மாறவில்லை. சுகம் நிஜம், அடைப்பு அப்படியே.

கைக்குழந்தையின் மூக்கில், மார்பில் நேரடியாகத் தடவாதீர்கள். உள்ளே போனால் வலிப்பு வரக்கூடும். பெங்களூரு மருத்துவர்கள் முன்னின்று பல மருத்துவமனைகளில் நடத்திய ஓர் ஆய்வு 2021ல் வந்தது. தைலம், கற்பூரம் சார்ந்த எண்ணெய்களை மோந்தோ தடவியோ பெரியவர்களுக்கும் வலிப்பு வருவதை அது பதிவு செய்திருக்கிறது. வலிப்பு நோய் உள்ளவர்களிடம் நான் இப்போது விற்பதற்கு முன் கேட்டுவிடுகிறேன்.

சோலையில் புற்றுநோய் மருந்து மரம் என்றீர்களே, அது எது?

நோதபோடைட்டீஸ் நிம்மோனியானா. மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்கவும் நீலகிரிச் சரிவுகளிலும் இருக்கும் சின்ன மரம். பூ நாறும். பழைய பெயரிலேயே 'நாறுவது' என்று வைத்திருந்தார்கள். அதிலுள்ள கேம்ப்டோதெசினை 1966ல் வாலும் வானியும் ஒரு சீன மரத்தில் கண்டார்கள். நம் மரத்திலும் அது இருக்கிறது என்று 1972ல் எழுதியவர்கள் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து, மும்பை சிபா ஆராய்ச்சி மையத்துக்குப் போனவர்.

டி.என்.ஏ. முறுக்கு அவிழ உதவும் நொதி ஒன்று உண்டு, டோபோஐசோமரேஸ் 1 என்று பெயர். கேம்ப்டோதெசின் அதை டி.என்.ஏ.வோடு ஒட்டிப் போட்டுவிடும். வேகமாகப் பெருகும் அணு செத்துப்போகும். டோபோடெகன், இரினோடெகன் இரண்டும் இதன் வாரிசுகள். மார்பகப் புற்றுநோய்க்கு 2019ல் அமெரிக்க அனுமதி பெற்ற டிராஸ்டுஸுமாப் டெரக்ஸ்டெகனில் எதிர்ப்புப் புரதத்தின்மேல் ஏற்றி அனுப்பும் விஷமும் இதே வம்சம்தான்.

சரி, மரத்துக்கும் டி.என்.ஏ. இருக்கிறதே, அது ஏன் சாகவில்லை? கேம்ப்டோதெசின் செய்யும் சில செடிகளின் அந்த நொதியில் ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. மருந்து அங்கே ஒட்டாது. 2008ல் இதைக் கண்டவர்களுக்கு இன்னொரு ஆச்சரியம் காத்திருந்தது. கேம்ப்டோதெசினுக்கு மசியாமல் போன மனிதப் புற்றணுக்களிலும் அதே இடத்தில் அதே மாற்றம் இருந்தது. செடி தப்பிக்கக் கண்ட வழியைப் புற்றணுவும் தானாகக் கண்டிருக்கிறது.

சரக்குக்கு விலை இருப்பதால் இந்த மரத்தைக் காட்டிலிருந்து பெருவாரியாக வெட்டிப் போனார்கள். ஒதுக்குக்காட்டிலிருந்து அனுமதியில்லாமல் ஒரு குச்சி எடுத்தாலும் குற்றம்தான். "மாமா, அந்த மரம் எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு நான் வழி சொல்வதில்லை.

ஈஸ்ட்டே எல்லாம் செய்துவிட்டால் செடி வளர்ப்பவர்கள் கதி?

அவ்வளவு சீக்கிரம் இல்லை. 2022ல் நித்தியகல்யாணியின் வின்பிளாஸ்டினுக்கான முன்பொருள்களை முப்பது படிகளை ஏற்றி ஈஸ்ட்டில் செய்தார்கள். அருமையான வேலை. ஆனால் ஆர்ட்டிமிசினின் கதையைப் பாருங்கள். 2013ல் ஈஸ்ட் வழித் தொழிற்சாலை உற்பத்தியே தொடங்கியது. செடியின் விலை இறங்கியதும் அது போட்டிபோட முடியவில்லை. இன்றும் விவசாயியின் செடிதான் முக்கிய ஆதாரம். இருபது வருடம் நின்று வளர வேண்டிய காட்டு மரத்துக்குத்தான் ஈஸ்ட் அவசரமாகத் தேவை. வருடா வருடம் விதைக்கும் செடிக்கு அவ்வளவு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

பெண் பிளஸ் டூ. இந்தத் துறையில் வரவேண்டுமென்றால் என்ன படிக்கலாம்?

தாவரவியல், வேதியியல், பார்மசி எதில் நுழைந்தாலும் இங்கே வந்து சேரலாம். ஊட்டியிலேயே பார்மசி கல்லூரி இருக்கிறது. எதை எடுத்தாலும் கூடவே கொஞ்சம் கணினி நிரலும் பழகச் சொல்லுங்கள். மரபணுப் பட்டியலைக் கையால் புரட்டிப் பார்க்க முடியாது. கரிம வேதியியலைப் பார்த்துப் பயப்படுகிற பெண் என்றால், முதல் வருடம் தாண்டும்வரை பக்கத்தில் இருங்கள்.